பிள்ளை வீடு மாறினால் வருமான வரி யார் கணக்கில்?

பிள்ளை பேரில் வங்கியில் பணம் போட்டு வைப்பது செட்டிநாட்டில் பழகிப்போன ஒன்று. புதுமை என்ற சடங்குக்கு வந்த பணம், ஐயா (தாத்தா) கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து அப்பச்சி (அப்பா) அனுப்பியது எல்லாம் சேர்ந்து பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து லட்ச ரூபாய் எஃப்.டி. இருப்பது இங்கே அதிசயமில்லை. அந்தப் பிள்ளை பெற்றோர் வீட்டை விட்டு வேறு இடத்துக்குப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சுகள்:

“பிள்ளை ஆயா (பாட்டி) வீட்டில்தானே வளருது, அந்த வட்டிக்கு நாம ஏன் வரி கட்டணும்?”

“கோர்ட்ல டைவர்ஸ் கேஸ் நடக்குது, பிள்ளை எங்கிட்ட இருக்கு. இனிமே அவருக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.”

“பிள்ளை விட்டாச்சு (சுவீகாரம் கொடுத்தாச்சு). ஆனா டெபாசிட் நாம போட்டது, வட்டியை நம்ம ரிட்டர்ன்லயே காட்டிக்குவோம்.”

மூன்றும் தவறு. பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறது என்பதை வருமான வரிச் சட்டம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. சட்டப்படி அப்பா, அம்மா யார்? அவர்கள் திருமணம் நீடிக்கிறதா? பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டதா? கேள்விகள் இவ்வளவுதான்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. அதற்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எண்கள் மாறினாலும் இங்கே பேசும் விதிகளின் அடிப்படை அதுவேதான். ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்களே புழங்குவதால் அவற்றையே வைத்திருக்கிறோம்.

புள்ளிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்

நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. மகன் அப்பச்சியோடு அதே வளவில்தான் இருக்கிறான். இருந்தாலும் கல்யாணம் ஆகி வேறு வைத்துவிட்டால் (தனிக் குடித்தனம்) அவன் தனிப் புள்ளி, அவனுக்குத் தனிக் கோயில் வரி. அதே மகன் சிங்கப்பூரில் பத்து வருடம் இருந்தாலும் புள்ளி ஊரில்தான் இருக்கும். கல்யாணமாகாத தம்பி விடுதியில் தங்கிப் படித்தாலும் அப்பச்சியின் புள்ளிக்குள்தான் வருவான். எங்கே இருக்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை, என்ன நிலையில் இருக்கிறான் என்றுதான் பார்க்கிறார்கள்.

வருமான வரியும் ஏறக்குறைய இப்படித்தான் தலை எண்ணுகிறது. வித்தியாசம் ஒன்று: புள்ளி பிரிவது கல்யாணத்தில், வரியில் பிள்ளை தனியாகப் பிரிவது 18 வயதில்.

கிளப்பிங் என்பது என்ன?

18 வயது முடியாதவர் மைனர். மைனருக்கு வரும் வருமானத்தைப் பெற்றோரில் ஒருவருடைய வருமானத்தோடு சேர்த்து வரி போடுவதற்குப் பெயர் கிளப்பிங். பிரிவு 64(1ஏ) இதைச் சொல்கிறது, 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெற்றோர் தங்கள் பணத்தைப் பிள்ளைகள் பேரில் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பேரிலும் வரி இல்லாத வரம்பைப் பயன்படுத்திக்கொள்வதைத் தடுக்கத்தான் இது வந்தது.

பெற்றோரில் யார் கணக்கில் சேரும்? திருமணம் நீடிக்கும்வரை, இருவரில் மொத்த வருமானம் அதிகமுள்ளவர் கணக்கில். இந்த ஒப்பீட்டுக்குப் பிள்ளையின் வருமானத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பணத்தை யார் போட்டார் என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை. ஐயா பேரனுக்குப் போட்ட டெபாசிட்டின் வட்டி ஐயா கணக்கில் சேராது, அப்பச்சி அல்லது ஆத்தா (அம்மா) கணக்கில்தான் சேரும். ஒரு வருடம் ஒருவர் கணக்கில் சேர்த்தால் அடுத்த வருடங்களிலும் அவரே காட்ட வேண்டும். வரி அதிகாரி காரணத்தை ஏற்றால்தான் மற்றவர் கணக்குக்கு மாற்ற முடியும், நினைத்தபடி மாற்றி மாற்றிக் காட்ட முடியாது.

விதிவிலக்குகள் உண்டு. பிள்ளை தன் உடல் உழைப்பால் அல்லது தன் திறமையால் சம்பாதித்தது பிள்ளையின் சொந்த வருமானம். பாட்டுக் கச்சேரிக்கு வாங்கிய சன்மானமும், நடித்ததற்கு வந்த சம்பளமும் இந்த வகை. ஆனால் அந்தச் சன்மானத்தை எஃப்.டி.யில் போட்டால் வரும் வட்டி திறமையால் வந்ததல்ல, அது கிளப்பிங்குக்குள் வந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். பிரிவு 80யு சொல்லும் அளவுக்கு மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் வருமானமும் பெற்றோர் கணக்கில் சேராது.

இனி எண்ணிக்கை. பத்து லட்சம் எஃப்.டி., 7 சதவீத வட்டி என்றால் வருடம் 70,000 ரூபாய். அப்பச்சி பழைய வரி முறையில் இருக்கிறார், கழிவுகள் போக வருமானம் 9 லட்சம். பழைய முறையில் ஒரு மைனர் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு, அது போக 68,500 சேரும். 20 சதவீத அடுக்கு என்பதால் வரி 13,700, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 14,248 ரூபாய்.

புதிய முறையில் அந்த 1,500 விலக்கு கிடையாது, முழு 70,000மும் சேரும். 2025-26 நிதியாண்டில் 12 லட்சம்வரை தள்ளுபடி இருப்பதால் 9 லட்சக்காரருக்கு வரி எதுவும் வராது. ஆனால் நிலையான கழிவு போக 11,60,000 சம்பள வருமானம் உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி சேர்ந்ததும் அவர் வருமானம் 12,30,000. எல்லையைத் தாண்டிவிட்டார். எல்லையை ஒட்டித் தாண்டுபவர்களுக்கான நிவாரணம் கிடைத்த பிறகும் வரி 30,000, செஸ்ஸோடு 31,200. பிள்ளையின் வட்டியை மறந்து, ‘எனக்கு வரியே இல்லை’ என்று ரிட்டர்ன் போட்டவருக்குப் பின்னால் நோட்டீஸ் வருவது இப்படித்தான்.

இதுவரை: மைனரின் வட்டியும் வாடகையும் பெற்றோரில் வருமானம் அதிகமுள்ளவர் கணக்கில் சேரும். பணம் போட்டவர் யார் என்பதும், பிள்ளை எங்கே இருக்கிறது என்பதும் இந்த விதிக்குள் வரவில்லை.

ஆயா வீட்டிலும் விடுதியிலும் வளரும் பிள்ளை

ஆகவே பிள்ளையை ஆயா வீட்டில் விட்டு வளர்த்தாலும், ஏற்காட்டில் விடுதியில் சேர்த்தாலும், கிளப்பிங் அப்படியே இருக்கும். வங்கிக் கணக்கில் ஆயா கார்டியனாகக் கையெழுத்துப் போடுகிறார் என்பதால் வட்டி ஆயா கணக்குக்குப் போய்விடாது.

அப்பச்சி வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்பச்சி மலேசியாவில் கை நிறையச் சம்பாதிக்கிறார், ஆத்தா காரைக்குடியில் பள்ளி ஆசிரியை. வருமானம் அதிகமுள்ளவர் அப்பச்சிதானே என்று தோன்றும். ஆனால் ஒப்பிட வேண்டியது இந்தியச் சட்டப்படி கணக்கிடும் மொத்த வருமானம். இந்தியாவில் குடியிருப்பவர் அல்லாதவருக்கு வெளிநாட்டுச் சம்பளம் அதற்குள் வராது. அவருக்கு இந்தியாவில் வாடகையோ வட்டியோ பெரிதாக இல்லாவிட்டால் பிள்ளையின் வட்டி ஆத்தா கணக்கில் சேரும்.

பெற்றோர் இருவருமே இல்லாத பிள்ளைக்குக் கிளப்பிங் கிடையாது, ஏனென்றால் சட்டம் சொல்வது பெற்றோரை மட்டுமே. சித்தப்பாவோ அப்பத்தாவோ கார்டியனாக இருந்து, பிள்ளையின் பானில், பிள்ளை சார்பில் ரிட்டர்ன் போட வேண்டும். தங்கள் வருமானத்தோடு சேர்த்துக் காட்டுவது நல்லெண்ணமாக இருக்கலாம், ஆனால் தேவையில்லாமல் கூடுதல் வரி கட்டுவதாகத்தான் முடியும்.

பெற்றோர் பிரிந்தால்

முன்பு ‘பெரும்பாலும்’ என்று சொன்னோமே, அதற்குக் காரணம் இந்த இடம். பிள்ளையைப் பராமரிப்பவர் யார் என்று சட்டம் கேட்பது இங்கே மட்டும்தான்.

திருமணம் முடிவுக்கு வந்துவிட்டால், அந்த நிதியாண்டில் மைனரைப் பராமரித்தவரின் கணக்கில் வருமானம் சேரும். யாருடைய வருமானம் அதிகம் என்ற ஒப்பீடு இனி இல்லை. பெற்றோரில் ஒருவர் இறந்துபோனாலும் இதே விதிதான், உயிரோடிருந்து வளர்ப்பவர் கணக்கில் சேரும்.

ஆனால் பிரிந்து வாழ்வது வேறு, திருமணம் முடிவது வேறு. மனுத் தாக்கல் செய்தாயிற்று, பிள்ளை ஆத்தாவோடு தேவகோட்டையில் இருக்கிறது, இடைக்காலக் காவல் உத்தரவும் ஆத்தா கையில் இருக்கிறது என்றாலும், தீர்ப்பு வரும்வரை திருமணம் நீடிக்கிறது. அதுவரை பழைய விதிதான். அதன் விளைவு விசித்திரமானது. ஆத்தா தன் சேமிப்பிலிருந்து பிள்ளை பேரில் எஃப்.டி. போடுகிறார். சென்னையில் இருக்கும், முகம் கொடுத்தும் பேசாத அப்பச்சிக்கு வருமானம் அதிகம். சட்டப்படி அந்த வட்டி அவர் கணக்கில் சேர வேண்டும், அந்த டெபாசிட் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளை பேரில் புதிய டெபாசிட் போடாமல் தன் பேரிலேயே வைத்துக்கொள்வது ஆத்தாவுக்கு நிம்மதி.

தீர்ப்புக்குப் பிறகு பிள்ளையின் செலவுக்கு அப்பச்சி மாதாமாதம் பணம் அனுப்பினால், அவர் தன் வருமானத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது. பிள்ளைக்கும் அது வரிக்குரிய வருமானம் ஆகாது. கணவன் மனைவி உறவு முறிந்தாலும் அப்பா பிள்ளை உறவு முறிவதில்லை, ஆகவே அப்பச்சி கொடுப்பது உறவினர் கொடுத்த பணமாகவே நிற்கும். முன்னாள் கணவனும் மனைவியும் மட்டும் வரிச் சட்டத்தின் கண்ணில் உறவினர் அல்லர்.

சுருக்கமாக, வழக்கு நடக்கும்வரை வருமானம் அதிகமுள்ளவர், தீர்ப்புக்குப் பின் பராமரிப்பவர்.

பிள்ளை விட்டால், பிள்ளை கூட்டினால்

பெற்றோரின் பொறுப்பிலிருந்து பிள்ளை முழுமையாக நீங்குவது சுவீகாரத்தில்தான். ஒரு வீட்டில் பிள்ளை விடுகிறார்கள், இன்னொரு வீட்டில் பிள்ளை கூட்டுகிறார்கள். செட்டிநாட்டில் அதிகம் நடப்பதும், வரி விளைவுகளை அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

1956ஆம் ஆண்டின் இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், பிரிவு 12: கூட்டிய நாளிலிருந்து பிள்ளை எல்லா விதத்திலும் புதிய பெற்றோரின் பிள்ளை, பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்டத் தொடர்பு அறுந்துவிடும். திருமண உறவுத் தடை மட்டும் தொடரும். வருமான வரிச் சட்டமும் ‘பிள்ளை’ என்பதில் சுவீகாரப் பிள்ளையைச் சேர்த்தே சொல்கிறது. ஆகவே கூட்டிய நாள்வரை வந்த வட்டி பெற்றவர் கணக்கில், அதற்குப் பின் வந்தது கூட்டியவர் கணக்கில். டெபாசிட்டைப் பெற்ற அப்பச்சி போட்டிருந்தாலும் இதுதான் விதி.

கூட்டிய நாள் எது? பிள்ளையைக் கொடுத்து வாங்கிய நாள். பத்திரம் பதிவான நாள் அல்ல. கொடுத்து வாங்குதல் உண்மையில் நடந்திருக்க வேண்டும் என்பது சுவீகாரத்தின் அடிப்படை நிபந்தனை. இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால் சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். சடங்கு பிப்ரவரியில் நடந்து பத்திரம் மே மாதம் பதிவானால், நிதியாண்டே மாறிவிடுகிறது. சடங்கு நடந்த தேதியைப் பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். பல வருடம் கழித்துப் பதிவு செய்தால், இடைப்பட்ட காலத்து வட்டியை யார் காட்டினார் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

15 வயது தாண்டியவரையோ மணமானவரையோ கூட்டுவதற்கு, அந்தச் சமூகத்தில் அப்படி வழக்கம் இருக்க வேண்டும். 18 தாண்டியவரைக் கூட்டினால் கிளப்பிங் பிரச்சினையே இல்லை. ஆனால் கீழே சொல்லும் சொத்து விஷயமும் அன்பளிப்பு விஷயமும் அவருக்கும் பொருந்தும்.

வெறுமனே வளர்ப்பது சுவீகாரம் ஆகாது. அண்ணன் மகளைக் குழந்தையிலிருந்து வளர்த்து, படிக்க வைத்து, தன் வீட்டிலேயே வைத்திருந்தாலும், முறைப்படி கூட்டாதவரை அவள் வரிக் கணக்கில் அண்ணன் மகள்தான். அவளுடைய பள்ளிக் கட்டணத்தைப் பழைய முறையின் 80சி கழிவில் வளர்ப்பவர் காட்ட முடியாது. கூட்டிய பிறகு காட்டலாம், அப்போது பெற்றவர் நிறுத்திவிட வேண்டும்.

ஏற்கெனவே பிள்ளைக்கு உரிமையான சொத்து என்ன ஆகும்? போகாது. கூட்டுவதற்கு முன்பே பிள்ளைக்கு உரிமையாகிவிட்ட வீடு, நிலம், டெபாசிட் எல்லாம் அதற்குரிய கடமைகளோடு பிள்ளையிடமே இருக்கும், வருமானத்தைக் காட்டுபவர் மட்டும் மாறுவார். பிறந்த வீட்டுக் கூட்டுக் குடும்பச் சொத்தில், பாகம் பிரிக்காமல் கிடக்கும் பங்குதான் சிக்கல். அது பிள்ளையோடு போகுமா போகாதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. எச்.யூ.எஃப். (இந்துக் கூட்டுக் குடும்பம்) பேரில் தனிப் பானும் ரிட்டர்னும் வைத்திருக்கும் குடும்பங்கள், பிள்ளை விடும் முன்பே பாகத்தைப் பற்றி வக்கீலிடம் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இனி யாரும் யோசிக்காத விஷயம்: பிள்ளை விட்ட பிறகு பெற்றவர் கொடுக்கும் அன்பளிப்பு. உறவினரிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் வந்தால், மேல் மிச்சத்துக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. உறவினர் யார் என்று பிரிவு 56 பட்டியல் போட்டிருக்கிறது: கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், நேர் மேல் வழி, நேர் கீழ் வழி என்று போகும்.

சித்தப்பா தன் சொந்த அண்ணன் மகனைக் கூட்டினால் கவலையில்லை. பெற்ற அப்பச்சி இப்போது சட்டப்படி பெரியப்பா, ‘பெற்றோரின் உடன்பிறந்தவர்’ என்ற வகைக்குள் வந்துவிடுகிறார். ஆனால் ஒரே கோயில் என்ற அளவில் மட்டும் பங்காளியான தூரத்து வீட்டுக்குப் பிள்ளை போயிருந்தால், பெற்றவர் பட்டியலில் எந்த வகையில் வருவார்? தொடர்பு அறுந்துவிட்டது என்று சுவீகாரச் சட்டமே சொல்லும்போது, அவர் கொடுக்கும் பத்து லட்சத்துக்கு வரி கேட்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது. ரத்த உறவுதானே என்று வாதாடலாம். வாதாட வேண்டிய நிலைக்கே போகாமலிருக்க இரண்டு வழிகள் உண்டு. கொடுக்க நினைப்பதைக் கூட்டும் தேதிக்கு முன்பே கொடுத்துப் பதிவு செய்துவிடுவது ஒன்று. உயில் எழுதி வைப்பது இன்னொன்று, ஏனென்றால் உயில் மூலம் வருவது யாரிடமிருந்து வந்தாலும் இந்த வரிக்குள் வராது. உயில் வேறொரு காரணத்துக்காகவும் தேவை: கூட்டிய பிறகு, பெற்றவர் உயில் இல்லாமல் இறந்தால் அந்தப் பிள்ளை அவருக்கு வாரிசு அல்ல.

பிள்ளை விடுவதற்குக் கைமாறாகப் பணமோ சொத்தோ கொடுப்பதும் வாங்குவதும் அதே 1956 சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி குற்றம். பத்திரத்தில் அப்படிப் பொருள்படும் ஒரு வரிகூட இருக்கக்கூடாது.

18 முடியும் வருடம்

அக்டோபர் 10இல் பிள்ளைக்கு 18 முடிகிறது என்றால், அந்த நிதியாண்டு இரண்டாக உடையும். ஏப்ரல் 1 முதல் மேஜராகும்வரை வந்த வட்டி பெற்றோர் கணக்கில், மிச்சம் பிள்ளையின் சொந்தக் கணக்கில். வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் முழு வருடத் தொகை மட்டுமே இருக்கும், ஆகவே அந்தத் தேதிவரையிலான வட்டியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பிறகு பணம் முதலில் யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. மேஜரான மகளுக்கு அப்பச்சி கொடுத்த டெபாசிட்டின் வட்டி மகளுடையது, அவள் இன்னும் அதே வீட்டில் அவர் செலவில் படித்துக்கொண்டிருந்தாலும்.

மேஜரானதும் வங்கி கார்டியனின் கையெழுத்தை ஏற்காது. புதிய கேஒய்சி, பிள்ளையின் கையெழுத்து, போட்டோ எல்லாம் கொடுக்கும்வரை கணக்கில் பணம் எடுக்க விடமாட்டார்கள். மைனராக இருக்கும்போது வாங்கிய பான் எண் மாறாது, போட்டோவும் கையெழுத்தும் உள்ள புதிய அட்டைக்குத் திருத்தப் படிவம் கொடுத்தால் போதும்.

வங்கியில் எங்கே தவறுகிறது

பிள்ளைக்கு வேறு வருமானம் இல்லையே என்று வட்டியில் வரி பிடிக்காமலிருக்க 15ஜி படிவம் (இதுவும் பழைய சட்டத்தின் எண்) கொடுப்பது வெகு சாதாரணம். அந்தப் படிவத்தின் உறுதிமொழியைப் படித்தால், இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறொருவர் கணக்கில் சேராது என்று எழுதியிருக்கும். மைனரின் எஃப்.டி.க்கு அதில் கையெழுத்திடுவது பொய்யான உறுதிமொழி.

அடுத்தது டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி. பிள்ளையின் பானில் பிடித்துவிட்டு, வட்டியை அப்பச்சி தன் ரிட்டர்னில் காட்டினால், பிடித்த பணம் அவர் பேரில் தெரியாது. வங்கிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, யாருடைய கணக்கில் சேரப்போகிறதோ அவருடைய பானில் பிடிக்கச் சொல்வது சரியான வழி. அது தவறிப்போனால் ஐடிஆர்-1 போதாது. ஐடிஆர்-2இல் கிளப்பிங் வருமானத்துக்கு என்று உள்ள எஸ்பிஐ (SPI, வங்கியின் பெயர் அல்ல) அட்டவணையில் வட்டியையும், டிடிஎஸ் அட்டவணையில் ‘பிறர் பானில் பிடித்தது’ என்ற இடத்தில் பிள்ளையின் பானையும் எழுத வேண்டும். பிள்ளை கூட்டிய வருடத்திலும், விவாகரத்துத் தீர்ப்பு வந்த வருடத்திலும் வங்கியில் பழைய பானே நின்றுவிடும். கார்டியன் பெயர் மாற்றத்துக்குப் பத்திரத்தையோ தீர்ப்பையோ கொடுக்கும் அன்றே பானையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் வங்கியின் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.